நாவிழந்தார் பசி

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோராகிய யாம் மருத்துவத் துறையிற் புகுந்து எழுதுகோல் எடுத்தல் பொருந்துமோ என்று அன்பர் சிலர் ஐயுறலாம். ஐயம் முறையானதே. நாடி பிடித்தறியும் பயிற்சியோ, மருந்துகளின் இயல்பறியும் அறிவோ எமக்கு இல்லை. ஆயினும், சென்ற ஆண்டில் எம் விடுதித் தோழர் ஒருவர் இல்லத்தில் யாம் கண்ட காட்சி ஒன்று, எம்மை நூலகத்தில் இதுவரை கால் வையாத மூலைக்கு இழுத்துச் சென்றது. அங்குக் கற்றவற்றால் எம் உள்ளத்தில் ஒரு கருத்து வேரூன்றிற்று. அதனை இவ்விதழ் படிக்கும் மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோர்முன் வைத்தல் எம் கடன் என்று எண்ணுகின்றோம். பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். யாம் பிழைபட உரைத்திருப்பின் அவர்கள் திருத்துவார்களாக.

தோழரின் தமையனார் இருபத்தைந்து வயதினர். உழைத்து உரமேறிய உடலினர். இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புங்கால் புறவழிச் சாலையில் நின்றிருந்த லாரியொன்றன்மேல் மோதித் தலையில் அடிபட்டார். மூன்று வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடந்தபின் கண் திறந்தார். வீட்டார் அன்று கோயிலுக்குச் சென்று மணி அடித்து நன்றி செலுத்தினர். ஆனால் திறந்த கண் ஒன்றையும் பற்றவில்லை. உறங்குவார், விழிப்பார், கொட்டாவி விடுவார், பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி இல்லை. இரண்டு திங்கள் கழித்து, மூக்கின் வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயோடு அவரை வீட்டிற்கு அனுப்பினர். கை கால்களுக்குப் பயிற்சி அளிப்பவர் வாரம் மூன்று நாள் வந்து போவார். அன்னையார் இரண்டு மணிக்கு ஒருமுறை குழாயிற் கஞ்சி வார்ப்பார். குழாய் அடைத்துக்கொள்ளுமே என்றஞ்சி அக்கஞ்சியை வெள்ளைத் துணியில் இருமுறை வடிகட்டுவார். ஞாயிறுதோறும் சென்று அருகிருந்த எமக்கு ஒன்று மட்டும் கண்கூடாயிற்று. வாரத்திற்கு வாரம் அவர் உருகிக்கொண்டிருந்தார். தோள் எலும்பு புடைத்தது, கன்னம் ஒட்டியது, இடுப்பின் பின்புறத்தே படுக்கைப்புண் ஒன்று வாய் திறந்தது. யாம் மெல்லக் கேட்டதற்கு அன்னையார், “படுத்தே கிடக்கும் பிள்ளைக்கு இதற்குமேல் எதற்குத் தம்பி?” என்றார்.

அந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்கு முதல். அன்னையாரை நாம் குறைகூற வேண்டா. படுத்திருக்கும் உடல் செலவு செய்யாத உடல் என்பது ஊரெங்கும் பரவிய எண்ணம். அது மெய்யா என்று பார்ப்போம்.

இவ்வகை நோயாளர் நிலைக்கு மேல்நாட்டு மருத்துவர் பெயரிட்டதே அண்மைக் காலத்தில்தான். கண் விழித்திருந்தும் உணர்வின் அடையாளம் யாதும் இல்லாத நிலையை ஜென்னட், பிளம் என்னும் இருவர் 1972-இல் விளக்கினர். பயிர்போல் வாழும் நிலை என்னும் பொருள்பட அவர்கள் இட்ட பெயர் மனிதரைத் தாழ்த்துவதாயிருத்தலின், 2010-இல் வேறு அறிஞர் விழித்தும் மறுமொழியற்ற நிலை என்று மாற்றிக் கூறலாயினர். பெயரை மாற்றியது நன்று. இவற்றிற்கிடையே 2002-இல் மூன்றாவதொரு நிலையும் வகுக்கப்பட்டது. சிறிதளவு உணர்வு விட்டுவிட்டுத் தோன்றும் நிலை அது. ஒருநாள் கண் பின்தொடரும், மறுநாள் தொடராது. அமெரிக்க நாட்டு ஆர்க்கன்ஸா மாகாணத்தில் டெரி வாலிஸ் என்பார் 1984-இல் விபத்துற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் இத்தகைய நிலையிற் கிடந்து, 2003-இல் வாய் திறந்தார். முதற்சொல் அம்மா என்பது; அடுத்த சொல் பெப்ஸி என்பது. அத்தனை ஆண்டும் அவர்க்கு யாரோ ஒருவர் வேளை தவறாது உணவளித்திருந்தனர் என்பதை அச்செய்தியைப் படித்தவருள் எத்துணைப் பேர் நினைத்திருப்பர்?

இன்னும் ஒன்று. 2006-இல் ஓவன் என்பாரும் அவர் குழுவினரும், மறுமொழியற்றிருந்த ஓர் இளம்பெண்ணை நோக்கி டென்னிஸ் ஆடுவதாக எண்ணும்படி கூறி, அவர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். நலமுடையார் மூளையில் எப்பகுதி எழுமோ அப்பகுதியே அவர் மூளையிலும் எழுந்தது. 2024-இல் வெளிவந்த பெரியதோர் ஆராய்ச்சியில், கட்டளைக்கு வெளிப்படையாக ஒரு மறுமொழியும் தாராத 241 பேரைச் சோதித்தபோது, அவருள் 60 பேர் உள்ளத்தளவில் கட்டளையைப் பின்பற்றினர் என்று கண்டனர். நால்வருள் ஒருவர். நாம் கட்டிலருகே நின்று பேசுவது அவர்க்குக் கேட்கின்றது என்றால், அவர்தம் வயிற்றின் எரிச்சல் மட்டும் அவர்க்குத் தெரியாதிருக்குமோ? தெரியும் என்று உறுதி கூற யாம் வல்லேம் அல்லேம். தெரியாது என்று துணிந்து பட்டினி போடுதற்கும் எவர்க்கும் உரிமையில்லை.

இனி உடலின் கணக்கு. உயிர் என்பது ஒருவகைத் தீ என்பதை ஆராய்ச்சியால் நிறுவியவர் பிரெஞ்சு நாட்டு லாவோசியே. அவர் 1780-ஆம் ஆண்டுகளில் லாப்லாஸுடன் கூடி, சிறு விலங்கொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் வைத்து, அதன் சூட்டால் உருகிய நீரையும் அது வெளிவிட்ட மூச்சுக் காற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மூச்சு விடுதல் மெல்லென எரிதலே என்பது அவர் கண்ட முடிபு. (அத்தகைய தலையை 1794-இல் அந்நாட்டுப் புரட்சியாளர் வெட்டி வீழ்த்தினர் என்பது வேறு கதை.) அவர் வழியே வந்த முறைதான் இன்றும் உளது. நோயாளர் உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்து, உடல் ஒருநாளிற் செலவிடும் ஆற்றல் இத்துணைக் கலோரி என்று கருவி கூறிவிடுகின்றது. அக்கருவி நம் நாட்டில் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றிலேயே உண்டு. ஏனைய இடங்களில் ஹாரிஸ், பெனடிக்ட் என்பார் 1919-இல் வெளியிட்ட சூத்திரத்தையோ அதன் வழிவந்த பிறவற்றையோ கொண்டு கணக்கிடுவர். எடை, உயரம், வயது ஆகிய மூன்றையும் இட்டால் அச்சூத்திரம் ஓர் எண்ணைத் தரும். தோழரின் தமையனார் அடிபடுமுன் 62 கிலோகிராம் எடையும் 168 சென்டிமீட்டர் உயரமும் உடையவர். அவர்க்குச் சூத்திரம் தருவது ஏறத்தாழ 1,590 கலோரி. இஃது அசையாது படுத்திருப்பதற்கு மட்டும் ஆகும் செலவு என்பதை மறத்தலாகாது. நடப்பதற்கும் உழைப்பதற்கும் ஆவது இதில் இல்லை.

அசையாதவர்க்கு எதில் இத்துணைச் செலவு? நெஞ்சம் துடிக்கின்றது, ஈரல் தொழில் செய்கின்றது, சிறுநீரகம் வடிக்கின்றது, உடற்சூடு காக்கப்படுகின்றது. மூளைதான் உறங்கிவிட்டதே, அதன் பங்கு மிச்சமாகாதோ என்று வினவலாம். யாமும் அவ்வாறே எண்ணினோம். நலமுடையார் மூளை உடலெடையில் நூற்றுக்கு இரண்டே பங்காயினும் ஓய்விருக்கும் உடலின் செலவில் ஐந்திலொரு பங்கைத் தானே உண்டுவிடுகின்றது. விழித்தும் உணர்வற்றவர் மூளையில் அச்செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, இயல்பான அளவில் நூற்றுக்கு 42-க்குக் கீழே மூளையின் செலவு இறங்கின் உணர்வு நில்லாது. சரி, ஐந்திலொன்றிற் பாதி போயின் முழுச் செலவில் பத்திலொன்றே குறையும். மூளை பாதி அணைந்தமையால் வீட்டிற்கு மிச்சம் ஒருநாளைக்கு ஏறத்தாழ நூற்றறுபது கலோரி. கால் லிட்டர்ப் பாலுக்குமேல் இல்லை.

குறைவது இவ்வளவு. மிகுவதோ பல வழியால் மிகுகின்றது. தலையில் அடிபட்ட முதல் வாரங்களில், தூக்க மருந்தால் அடக்கப்படாதவரிடம், செலவு சூத்திரம் காட்டுவதினும் மிக்கு, சிலரிடம் இருமடங்கை அணுகுகின்றது. வெளிநாட்டு நெறிமுறையொன்று அந்நாளில் நூற்றுக்கு 140 என்று கணக்கிடும்படி கூறிற்று. பின்னர் மறுவாழ்வுப் பயிற்சிக் காலத்திலும் தசை முறுக்கிக்கொள்ளுதல் நிற்பதில்லை. முறுக்கிய தசை உழைக்கும் தசையே. நோயாளர் அறியாமல் இரவெல்லாம் சுமை தூக்குகின்றார் என்று கொள்க. சிலர்க்கு நாளுக்குப் பலமுறை நாடி விரைந்து, வியர்வை பெருகி, உடல் விறைத்து, காய்ச்சலும் ஏறும் ஒருவகைப் புயல் எழும். உடற்சூடு ஒரு பாகை ஏறினாலே செலவு நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று ஏறுமென்பர். படுக்கைப்புண் இருப்பின் அது வேறு உண்ணும். புண்ணுடையார்க்கு எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் 30 முதல் 35 கலோரியும், ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிராம் புரதமும் வேண்டுமென்று அத்துறையினர் வரையறுத்துள்ளனர். சாய்பலகையிற் கட்டி நிமிர்த்தி நிற்க வைக்கும் பயிற்சிக்கும் உடல் விலை கொடுக்கின்றது.

மணிமேகலை பயின்றோர் காயசண்டிகையை மறவார். முனிவர் சாபத்தால் யானைத்தீ என்னும் நோயுற்று, எத்துணை உண்டும் பசி தீராது மெலிந்து பன்னிரண்டாண்டு அலைந்தவள் அவள். அவளுக்கும் இவர்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அவள் தெருத்தெருவாகச் சென்று பசிக்கின்றது என்று கூறினாள். இவர் கூறார். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்துள் மருந்தின் பெயர் ஒன்றும் உரையாது, பெரும்பாலும் உணவின் அளவையே பேசினார் என்பதைக் கண்டு யாம் வியந்ததுண்டு. ஆனால் அவ்வதிகாரம் தன் பசியைத் தானே அறியும் ஒருவனை நோக்கிப் பேசுவது. தன் பசியை அறியவோ அறிவிக்கவோ இயலாதவன் பொருட்டு அவ்வளவை அறிய வேண்டியவர் யார்? குழாயைப் பிடித்திருப்பவரும், அவர்க்குத் தாள் எழுதிக் கொடுத்தவருமே.

அத்தாளை யாம் கண்டோம். எந்த மருத்துவமனை என்பது ஈண்டு வேண்டா. பல இடங்களிலும் இதுவே வழக்கம் என்று கேள்விப்படுகின்றோம். ஆங்கிலத்தில் ஒரு வரி: இரண்டு மணிக்கொருமுறை 200 மில்லிலிட்டர். எதில் 200 மில்லிலிட்டர் என்பது இல்லை. நோயாளரின் எடை இல்லை. ஒல்லியர்க்கும் பருத்தவர்க்கும், இளைஞர்க்கும் முதியவர்க்கும் அதே வரிதான் போலும். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை எட்டு வேளை; ஆயிரத்தறுநூறு மில்லிலிட்டர். கடையில் விற்கும் குழாயுணவாயின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கலோரி. கணக்கு ஒருவாறு சரியாகும். அதன் விலையை அவ்வீட்டார் தாங்கார். ஆதலின் அன்னையார் ஐந்து வேளை சத்துமாவுக் கஞ்சியும், இரண்டு வேளை பாலும், ஒரு வேளை இளநீரும் வார்த்தார். நாளொன்றுக்குச் சென்ற மாவு 100 கிராம். அதில் 360 கலோரி. பால் 400 மில்லிலிட்டரில் 260. இளநீரில் 40. ஆக 660. அதிலும் துணியில் தங்கிய கப்பி நாய்க்குப் போயிற்று. வாந்தி எடுத்த நாளும், குழாய் கழன்று மறுகுழாய் இடுதற்குக் காத்திருந்த நாளும் கழிக்கப்பட வேண்டியன. வயிறு நிறைந்தது, உடல் பட்டினி கிடந்தது. எட்டு வேளையும் தவறாது ஊட்டிய தாயின் கையாலேயே அவர் பட்டினி கிடந்தார் என்பதை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு துணுக்குறுகின்றது.

பின்னர் வேறோர் ஊரிலிருந்து உணவியல் கற்ற அம்மையார் ஒருவர் தோழரின் உறவினர் வாயிலாக வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் வினா, “எடை எவ்வளவு?” என்பது. விபத்திற்குப் பின் ஒருவரும் நிறுத்துப் பார்த்திலர். நிற்க இயலாதவரை நிறுப்பது எங்ஙனம்? தந்தையார் நெல் மண்டியில் கணக்கெழுதுபவர். மகனைக் காரில் மண்டிக்குக் கொண்டுபோய், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின்மேல் அவரைத் தம் கைகளில் ஏந்தி நின்றார். தம் எடையைக் கழித்தார். 43 கிலோகிராம். ஐந்து திங்களில் 19 குறைந்திருந்தது. தந்தையார் வாயினின்று ஒரு சொல்லும் எழவில்லை. அவ்வெண்ணை மண்டிக் கணக்கேட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டார்.

ஈண்டுச் சூத்திரத்தின் சூழ்ச்சி ஒன்றையும் கூறுதல் வேண்டும். 43 கிலோவை இட்டுக் கணக்கிட்டால் அது 1,330 கலோரி போதும் என்கின்றது. மெலியுந்தோறும் தேவை குறைவதாக அது காட்டும். அதன்படி அளந்தால் மெலிந்த நிலையே அவர்க்கு நிலைபெறும். அதுவன்றி, அச்சூத்திரம் நலமுடைய அமெரிக்க ஆண்கள் 136 பேரையும் பெண்கள் 103 பேரையும் அளந்து பெறப்பட்டது. அடிபட்டு விறைத்துக் கிடப்பாரை அளந்து பெற்றதன்று. கருவியால் அளக்கும் வாய்ப்பில்லாத இடத்தில் அது தொடக்கம் ஆகலாம், முடிவாகாது. வாரந்தோறும் எடையும், மேற்கையின் சுற்றளவும், உள்ளே சென்ற உணவின் குறிப்பும் பார்த்துப் பார்த்து ஏற்றியும் இறக்கியும் வருதலே வழி.

இறக்கியும் என்றது வெறுஞ்சொல் அன்று. மிகையூட்டலும் தீங்கே. திங்கள்கள் பல கடந்து, புயல் அடங்கி, காய்ச்சல் நீங்கி, தசையும் சுருங்கியபின் சிலர்க்குச் செலவு பெரிதும் தாழ்ந்துவிடும். அப்போதும் பழைய அளவையே வார்த்தால் கொழுப்பு ஏறும். புரட்டிப் படுக்க வைப்போர் இடுப்பு ஒடியும். வயிற்றிலிருப்பது மேலெழுந்து நுரையீரலிற் புகும் இடரும் உண்டு. ஊட்டுங்காலும் ஊட்டியபின் சிறிது நேரமும் தலைப்பக்கத்தை முப்பது பாகைக்குக் குறையாது உயர்த்தி வைக்க என்று கூறுவது இதன்பொருட்டே. நெடுநாட் பட்டினி கிடந்தவர்க்கு ஒரே நாளில் நிறைய ஊட்டுதலும் ஆகாது. இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ் உப்பு திடீரெனத் தாழ்ந்து இதயமே தடுமாறக்கூடும். அன்னையார் உண்மை தெரிந்த அன்றே இருமடங்கு வார்க்க எழுந்தார். அம்மையார் கையைப் பிடித்துத் தடுத்து, இரத்தம் சோதித்துப் பத்து நாளிற் படிப்படியாக ஏற்றுவித்தார். தயிர், அவித்த முட்டை, பருப்பு, வேர்க்கடலை ஆகியவற்றை மிக்ஸியில் நெகிழ அரைத்து, வேளைக்கு ஒரு சிறுகரண்டி எண்ணெயும் சேர்த்தனர். சிறுகரண்டி எண்ணெயில் 45 கலோரி. அடைபடாதிருக்கக் குழாயை ஒவ்வொரு முறையும் நீர்விட்டு அலசினால் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இனி எம் கருத்து. உணர்விழந்தார் உணவைப் பற்றி உலகம் வழக்காடாமல் இல்லை. அமெரிக்காவில் டெரி ஷையவோ என்னும் பெண்மணியின் உணவுக் குழாயை அகற்றலாமா என்று நீதிமன்றங்களும் சட்டமன்றமும் ஆண்டுக்கணக்காகப் போராடின. 2005 மார்ச்சு 18-இல் குழாய் அகற்றப்பட்டது. 31-இல் அவர் இறந்தார். நம் நாட்டில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27-இல் கொடியவன் ஒருவனால் தாக்குண்டு, 2015 மே 18-இல் இறக்குமளவும் அம்மருத்துவமனையிலேயே கிடந்தார். அவர்க்கு உணவை நிறுத்துமாறு வந்த விண்ணப்பத்தை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச்சு 7-இல் மறுத்தது. மசித்த உணவை நெடுங்காலம் வாய்வழியே ஊட்டிவந்த செவிலியரை அந்நீதிமன்றம் பாராட்டியது. 2018-இல் அந்நீதிமன்றமே, மீளாநிலையுற்றார்க்கு உயிர்நீட்டிக்கும் மருத்துவத்தை நிறுத்துவதற்கு நெறிகள் வகுத்தது. நிறுத்தலாமா என்னும் வினா பெரிது. அதற்கு விடை கூறும் தகுதி எமக்கில்லை. யாம் கேட்பது வேறு. கொடுப்பதென்று துணிந்தபின் எவ்வளவு கொடுத்தல் என்பதைப் பற்றி எந்த மன்றம் கூடியது? ஒருவர்க்கு உணவை நிறுத்த மருத்துவர் குழு வேண்டும், உறவினர் இசைவு வேண்டும், எழுத்து வேண்டும். பாதி உணவு கொடுத்து மெல்ல மெல்ல நிறுத்துதற்கோ ஒன்றும் வேண்டா. எடை குறியாத ஒரு தாள் போதும். ஒருவரும் ஆணையிடாத நிறுத்தம் அது. ஆணையிட்டார் இல்லாமையால் அதற்குப் பொறுப்பேற்பாரும் இல்லை.

ஆதலின், வீடு செல்லும் நோயாளர் தாளில் எடையும், நாட்கலோரியும், புரதத்தின் அளவும், மறுமுறை நிறுக்க வேண்டிய நாளும் எழுதப்படாவிடில் அத்தாளை ஏற்கலாகாது என்பது எம் துணிபு. மருத்துவர்க்கு நேரமில்லை என்பர். மெய்தான், ஒரு மருத்துவர் பார்க்கும் கூட்டத்தை யாமும் கண்டோம். நான்கு எண்கள் எழுத நான்கு நிமிடம் ஆகாது. எடைக் கருவி இல்லை என்பர். சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றை நம் கல்லூரிச் சமூகப் பணிக் கழகம் வாங்கி, கேட்கும் வீடுகளுக்கு இரவல் கொடுக்கலாம். ஆண்டு விழாப் பந்தல் அலங்காரத்தை ஓராண்டு சுருக்கினால் அத்தொகை வந்துவிடும் என்று யாம் சொல்லின், அலங்காரக் குழுவிலுள்ள நண்பர்கள் எம்மேற் சினவாதிருப்பாராக.

ஆங்கிலத் தாளைத் தமிழிற் பெயர்க்கும் பணி எம் வகுப்பினுடையது. எந்தக் கஞ்சியில் எத்துணைக் கலோரி, எதை எவ்வளவு அரைப்பது, எப்போது மருத்துவரை அழைப்பது என்பவற்றை அந்த அம்மையார் சொல்லச் சொல்ல, யாம் நால்வர் கூடி இரண்டு பக்கத்தில் எழுதினோம். பழைய மாணவராகிய மருத்துவர் ஒருவர் பார்வையிட இசைந்துள்ளார். சென்ற ஞாயிறன்று அதனைத் தோழர் இல்லத்திற்குக் கொண்டுசென்றோம். தமையனார் எடை இப்போது 52, புண் ஆறிவிட்டது, அன்னையார் கட்டிலைச் சுற்றி நடந்தால் கண் சில வேளை பின்தொடர்கின்றது. அஃது உணவின் பயனே என்று யாம் சாதிக்கவில்லை. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எம் தாளை முதலிலிருந்து படித்தார். ‘திரவ ஊட்டம்’ என்று யாம் பெருமிதத்தோடு எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, “இது யாருக்குத் தம்பி புரியும்? குழாய்க் கஞ்சி என்று எழுதுங்கள்” என்றார். அவ்வாறே திருத்தி அச்சுக்கு அனுப்பியுள்ளோம்.